அம்மாவின் முகத்துக்கு வந்த கொரியாப் பைக்கற்றுகள்

நாரந்தனை,
ஊர்காவற்றுறை.
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மேர்சிக்கு,

நீரும் மருமகன் ஜெயரூபனும் பேரனும் அந்தப் பேர்கன் குளிருக்குள் நல்ல சுகத்தோடு இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அடுத்த வரியில் அம்மாவும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, அதை எழுதப் போய் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். பிள்ளை, வேலைக்குப் போகிற அவசரத்தில் இதை வாசிக்காதேயும், ஓரிடத்தில் இருந்து வாசியும். வாசித்த கையோடு எங்களுக்குப் போன் எடுக்கவும் வேண்டாம். போன் அம்மாவின் தலையணைக்குக் கீழே கிடக்கிறது. அதனால்தான் கையால் எழுதுகிறேன், பக்கத்து வீட்டு யூலியட் இந்தத் தாள்களைப் படம் பிடித்து உமக்கு அனுப்புவாள். போன கிழமை உமக்குத் தெரியாத நம்பரில் இருந்து நான் கதைத்தது நினைவிருக்கும், அது அவளுடைய போன். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எடுத்தேன். நீர் அப்பா என்று சொன்ன உடனே, அங்கே மழையோ என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நீர் என்ன நினைத்தீரோ தெரியாது.

அம்மாவுக்குப் புற்றுநோய். மாசி மாதம் கண்டுபிடித்தார்கள், தெல்லிப்பழை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட்டோம், ஆவணியோடு நிறுத்திவிட்டார்கள். டொக்டர் நல்ல மனிசன், என்னை வெளியே கூப்பிட்டு, ஐயா இனி வீட்டிலை வைச்சு சந்தோசமாப் பாருங்கோ என்றார். அதற்கு என்ன கருத்து என்று உமக்கு நான் விளங்கப்படுத்த வேண்டியதில்லை. உமக்குச் சொல்லக்கூடாது என்று அம்மா மாதா சுரூபத்துக்கு முன்னால் என்னிடம் சத்தியம் வாங்கினவ. சத்தியத்தை மீறினால் பாவமோ என்று கோயில் சுவாமியாரிடம் கேட்டேன். பிலிப்பு அண்ணை, முதல்லை எழுதுங்கோ, பிறகு பாவசங்கீர்த்தனத்துக்கு வாங்கோ என்றார். ஆகவே பாவத்தைச் செய்துகொண்டிருக்கிறேன்.

போனில் கதைக்கும்போது அம்மா படத்தில் வருவதே இல்லை, என்னோடை கோபமோ என்று நீர் எத்தனை தரம் கேட்டீர். போன் பழுது என்று பொய் சொன்னேன். நீர் புதுப்போன் வாங்கி அனுப்பினீர், அதன் கமராவையும் பெருவிரலால் மூடிக்கொண்டுதான் அம்மா உம்முடன் கதைக்கிறவ. கோபம் ஒன்றும் இல்லை, பிள்ளை. ஊசி மருந்து முகத்தைக் கெடுத்துவிட்டது. கன்னம் இரண்டும் கறுத்து, தோல் செதில் செதிலாக உரிந்து, தலைமயிரோடு புருவமும் போய்விட்டது. அம்மா தன் முகத்தில் எவ்வளவு கவனம் என்று உமக்குத் தெரியும், பவுடர் போடாமல் கிணற்றடிக்கும் போகாத ஆள். அலுமாரிக் கண்ணாடியில் நான் உடுக்கிற சாரத்தைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறா. அவளுக்கு என்ரை பழைய முகமே இருக்கட்டும், இதை ஏன் அவளின்ரை கண்ணுக்குள்ளை போடுவான் என்று கேட்கிறா. இதுதான் விசயம், வேறு ஒன்றும் இல்லை.

போன மாதம் யூலியட் ஒரு செய்தியோடு வந்தாள். இணையத்தில் ஒரு கடையாம், கொரியாச் சாமான், பூசிப் பார்ப்பதற்கென்று சின்னச் சின்னப் பைக்கற்றாக அனுப்புவார்களாம், தபால் செலவு மட்டும் கொடுத்தால் போதுமாம். நான் வேண்டாம் என்றேன். சங்கக்கடையில் வேலையில் இருந்த காலம் முழுக்க நான் கண்டது, சும்மா வருகிற சாமானில் ஒரு வில்லங்கம் இருக்கும். அம்மா, தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கிற ஆள் நீங்கள் என்று என்னை ஏசினா. அவ வாய் திறந்து என்னை ஏசி எத்தனையோ நாளாகியிருந்தது, அந்தச் சந்தோசத்தில் சம்மதித்துவிட்டேன். உம்முடைய பிறந்தநாளுக்கு ஒரு நிமிசமாவது படத்தில் வரவேண்டும் என்பது அவவின் எண்ணம். எனக்கு அதைச் சொல்லவில்லை, யூலியட்டுக்குச் சொல்லியிருக்கிறா.

பொதி கொண்டுவந்த பெடியன் ஊர்காவற்றுறைச் சந்தியில் நின்று போன் அடித்தான், சைக்கிளில் போய் நானே வாங்கி வந்தேன். தேயிலைப் பைக்கற்றை விடச் சின்னது ஒவ்வொன்றும். எழுத்தெல்லாம் வட்டமும் கோடுமாக இருந்தது, யூலியட் போனைப் பிடித்து அதைத் தமிழாக்கி வாசித்தாள். ஒன்று அரிசி கழுவின தண்ணியாம், நாங்கள் மாட்டுக்கு வைக்கிறது. இன்னொன்று நத்தையின் கோழையாம். மாரி வந்தால் வாழைப்பாத்திக்குள் நான் உப்புப் போட்டுக் கொல்கிற நத்தையை அங்கே முகத்தில் பூசுகிறார்கள் என்று சொல்ல, அம்மா சிரித்தா. அவவின் தோல் இப்போது எதையும் தாங்காது என்பதால் முதலில் என் முகத்தில் பூசிப் பார்ப்பது என்று தீர்மானித்தோம். மூன்று நாள் நான் நத்தையோடு பூசைக்குப் போனேன், அண்ணைக்கு இந்த வயசிலை முகத்திலை ஒரு வெளிச்சம் என்று சுவாமியாரே பகிடி பண்ணினார். எனக்கு ஒன்றும் செய்யவில்லை என்று கண்ட பிறகுதான் டொக்டரிடமும் கேட்டு அம்மாவுக்குப் பூசினோம். யூலியட் இல்லாத நேரம் நான்தான் பூசினேன். இத்தனை வருசம் சேர்ந்து வாழ்ந்தும் அவவின் முகத்தை இப்படி ஆறுதலாகத் தொட்டதில்லை. கன்னத்து எலும்பு கையில் தட்டுப்படும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும், தேங்காய்ப்பால் பிழிகிற மாதிரி அமத்தாதேங்கோ என்று அவ சொல்லுவா. உரிதல் கொஞ்சம் நின்றது. கறுப்புப் போகவில்லை.

கடைசிப் பைக்கற்றில் இருந்தது ஈரமான ஒரு வெள்ளைத் தாள், முகத்தின் அளவுக்கு வெட்டி, கண்ணுக்கும் வாய்க்கும் ஓட்டை விட்டது. போன வியாழன் மத்தியானம் யூலியட் அதை அம்மாவின் முகத்தில் ஒட்டி, அன்ரி, நான் வருமட்டும் அசையாமல் படுங்கோ, வாய் திறக்கக்கூடாது என்று சொல்லி, அது ஈரமாகவே இருக்கட்டும் என்று மேலே ஒரு வெள்ளை லேஞ்சியையும் விரித்துவிட்டு உடுப்புத் தோய்க்கப் போய்விட்டாள். அம்மா சும்மா படுக்கிற நேரத்தில் செபமாலையாவது சொல்லுவோம் என்று அதைக் கையில் எடுத்து நெஞ்சில் வைத்திருக்கிறா, நோவுக்குப் போட்ட குளிசையின் மயக்கத்தில் அப்படியே நித்திரையாகிவிட்டா. நான் மீன் வாங்கத் துறைக்குப் போயிருந்தேன். அந்த நேரம் பார்த்து, கடலுக்குப் போய் வந்த றொபின்சன் அம்மாவுக்கு நண்டு கொண்டு வந்திருக்கிறான். வாசலில் நின்று பார்த்தால், முகத்தில் வெள்ளைத் துணி, நெஞ்சில் கை, கையில் செபமாலை. அக்கா, அக்கா என்று கூப்பிட்டிருக்கிறான், அசைவில்லை. கிட்டப் போய்த் தொட அவனுக்குத் தைரியம் வரவில்லை. கோயில் மணி அவனுடைய பொறுப்பு என்று உமக்குத் தெரியும். நண்டை முற்றத்தில் போட்டுவிட்டு ஓடிப்போய்த் துக்கமணியை அடித்துவிட்டான்.

நான் துறையில் நின்றேன். ஒற்றை ஒற்றையாக மணி கேட்டது, அங்கே நின்றவர்கள் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். ஊர் முழுக்க அந்த மணிக்குக் காத்திருந்திருக்கிறது, பிள்ளை, நீர் ஒருத்திதான் அறியாமல் இருந்தீர். சைக்கிளை எப்படி மிதித்தேன் என்று தெரியாது. வீட்டுக்கு வந்தால் வளவு நிறையச் சனம், பெண்கள் ஒப்பாரிக்கு வாய் எடுத்தபடி நிற்கிறார்கள், அம்மா கட்டிலில் எழுந்து இருக்கிறா. தாள் பாதி கழன்று தொங்குகிறது, ஆருக்கு மணி அடிக்குது என்று ஒவ்வொருத்தராகக் கேட்கிறா. எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். அவவுக்கு விளங்கிவிட்டது. றொபின்சன் காலில் விழுந்து அழுதான். அவன் தலையில் கை வைத்து, அழாதையடா தம்பி, நல்ல வடிவாத்தான் அடிச்சனி என்று சொன்னா. யூலியட்டைக் கூப்பிட்டு வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி போடச் சொன்னா. சனம் ஒரு மாதிரிச் சிரித்துக் குடித்துவிட்டுப் போனது.

எல்லாரும் போன பிறகு அம்மா அழுதா. சாவுக்கு அழவில்லை. எல்லாரும் வந்தவை, நயினாதீவிலை இருக்கிறவை கூட வெளிக்கிட்டவையாம், என்ரை பிள்ளையைத்தான் காணேல்லை, காணாமலே மணி அடிச்சு முடிஞ்சுது என்று சொல்லி அழுதா. அப்ப சொல்லட்டோ என்று கேட்டேன். இந்த முகத்தோடை ஏலாது என்றா. வளவு நிறைய நின்ற சனம் அந்த முகத்தை நேரே பார்த்ததே, ஒருவராவது பின்வாங்கினார்களா என்று கேட்டேன். அதுகள் என்ரை வயித்திலை பிறக்கேல்லையே என்றா.

அடுத்த நாள் யூலியட் வந்து, பைக்கற் எல்லாம் முடிஞ்சுது அன்ரி, பெரிய போத்தல் எடுப்பமோ என்று கேட்டாள். வேண்டாம் பிள்ளை, அது முடியுமட்டும் நான் இருக்கமாட்டன், சின்னது ரண்டு மூண்டு எடும், காணும் என்று சாதாரணமாகச் சொன்னா. யூலியட் குசினிக்குள் ஓடிப்போய் அழுதாள். நான் அன்றைக்கே உமக்கு எழுதுவது என்று முடிவெடுத்தேன்.

நத்தார்ப் பண்டிகைக்குப் பிள்ளையோடு வருவதாகச் சொன்னீர். நத்தார் வரைக்கும் பொறுக்கவேண்டாம், மகள். லீவு கேட்டுத் தராவிட்டாலும் வாரும். ஜெயரூபன் மறுக்கமாட்டார் என்று நம்புகிறேன், பேரனை அவர் பார்த்துக்கொள்ளட்டும். அம்மாவுக்கு முன்கூட்டிச் சொல்லவேண்டாம், சொன்னால் வராதே என்று தடுத்துவிடுவா. நாளைக் குறித்து யூலியட்டின் போனுக்கு மட்டும் அறிவியும், யாழ்ப்பாணத்தில் நான் வந்து நிற்பேன். பிளேன் குளிருக்குக் குளிசைகள் கையோடு வைத்திரும், வழியில் சாப்பிடாமல் வரவேண்டாம். அழுகிறதையெல்லாம் தீவுக்கு வருகிற பண்ணைப் பாலம் தாண்டுவதற்குள் அழுது முடித்துவிடும், வீட்டில் வைத்து அழவேண்டாம்.

ஆண்டவரும் மாதாவும் உம்மைக் கைப்பிடித்துக் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதேயும். உம்மைக் கண்டதும் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பா. கறையான் என்று சாட்டுச் சொல்லிக் கட்டிலைச் சுவரில் இருந்து இழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தப் பக்கத்தில் ஒரு கதிரையும் வைத்திருக்கிறேன், நீர் சுற்றிப் போய் அதில் இரும்.

இப்படிக்கு,
உம்முடைய அப்பா
ம. பிலிப்பு