மைக் அணைந்த பிறகு

எங்கள் வீட்டு வக்கீலம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்க வேண்டியதில்லை, நேற்றுதான் மாநாட்டு நேரலையில் பார்த்தேனே, கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு, சரியாகச் சாப்பிடாத முகத்தோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாய். தபாலில் போட்டால் அத்தனை நாட்டுக்காரர்களும் மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகுதான் கிடைக்கும் என்று உன் தம்பி சொன்னான், அதனால் செல்பேசியிலேயே ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

"வேலையை விட்டுட்டு வீட்டுக்கே வந்துடறேம்மா" என்று அழுதுகொண்டே நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். தாராளமாக வா, ஆனால் உன் அறையில் இப்போது அப்பாவின் பெயிண்ட் டப்பாக்கள் குடியிருக்கின்றன. பெயிண்டில் ஈயம் கலக்கக் கூடாது என்று உலகத்துக்கே சொல்லப் போனவள், வந்து அவற்றோடு பேசித் தீர்த்துக்கொள். நாட்டுக்காரர்கள் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லியே பொழுதைக் கழித்தார்கள், நேரம் மிஞ்சினால்தான் உங்களைப் போன்ற தொண்டு அமைப்புகளுக்கு இரண்டு நிமிடம் என்றாய், அதையும் ஒன்றாகக் குறைத்து, நீ முடிப்பதற்குள் அந்தக் கூட்டத் தலைவர் மைக்கை அணைத்துவிட்டார். பிறந்ததிலிருந்து உன் பேச்சைப் பாதியில் நிறுத்திய முதல் மனிதர் அவர்தான், எப்படி என்று அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டுமாம் உன் தம்பிக்கு. எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது.

இப்போது நடந்ததைக் கேள். அப்பா வழக்கம்போல் செய்தித்தாளுக்குப் பின்னால்தான் இருந்தார். கார்களுக்குப் பெயிண்ட் அடித்தே தலை நரைத்த மனிதர், நீ என்ன வேலை செய்கிறாய் என்று யார் கேட்டாலும், "ஏதோ மாநாடு மாநாடுன்னு சுத்தறா" என்பார், ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள் என்று நீ போன வருடத்திலிருந்து கெஞ்சியும் காது கேட்காதவர். உன் மைக் அணைந்தது. அப்போது செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து நீ சொல்ல முடியாமல் போன கடைசி வாக்கியம் வந்தது. "பெயிண்ட் அடிப்பவரின் ரத்தத்தில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று பாருங்கள், பிறகு தடைக்குக் கால அவகாசம் கேளுங்கள்." ஒரு சொல் பிசகவில்லை. நான் துணி தைத்துக்கொண்டே செல்பேசியை ஸ்பீக்கரில் போட்டு உன் ஒத்திகையைக் கேட்டதெல்லாம் அவர் காதிலும் விழுந்திருக்கிறது. நாங்கள் திரும்பிப் பார்த்ததும், "அதைச் சொல்ல விட்டா அவங்களுக்கு என்ன கொறஞ்சு போகுது" என்று எங்கள் மேல் எரிந்து விழுந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவருக்குத் தெரியாமல் துடைத்துக்கொண்டேன்.

உங்கள் அமைப்பு என்ன சொன்னாலும் ஏதாவது ஒரு நாடு அதைத் தன் கோரிக்கையாக எடுத்துப் பேசினால்தான் ஒப்பந்த வரைவில் ஏறும் என்று நீதானே எனக்குப் பாடம் நடத்தினாய். காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நாட்டுப் பிரதிநிதி அம்மா உன் பேச்சு எழுதிய தாளைக் கேட்டார், அப்புறம் தருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கழிவறைக்கு அழப் போனேன் என்கிறாய். கேட்டவரிடம் கொடுக்காமல், கேட்காதவரை நினைத்து அழுகிற அழகைப் பார். கூட்டம் இன்னும் முடியவில்லை அல்லவா, முகத்தைக் கழுவிக்கொண்டு, வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு, அந்தக் காபி இயந்திரத்தின் பக்கத்திலேயே போய் நில். அதற்குப் பிறகும் வேலையை விடத் தோன்றினால் வா, டப்பாக்களை நானே வெளியே எடுத்து வைக்கிறேன்.

நினைத்தது கைகூடி, நோய் நொடியில்லாமல் நன்றாக இரு. ஸ்வெட்டர் பெட்டியிலேயே தூங்குகிறது என்று எனக்குத் தெரியும், எடுத்துப் போட்டுக்கொள்.

உன்னிடம் பேசி ஜெயிக்க முடியாத
அம்மா

பி.கு.: இதை எழுதி முடிக்கும்போது அப்பா வந்து, ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றில்தான் போக வேண்டுமா என்று உன்னிடம் கேட்கச் சொன்னார். நாளைக் காலையில் போகிறோம். அவரையே அசைத்துவிட்டாய், ஒரு நாட்டை அசைக்க மாட்டாயா.