இரண்டாவது கதிரை

என் பிரியமான அண்ணே,

யாரும் தேடி வர முடியாத ஓரிடத்தில் இப்போதாவது இருப்பீர்கள் என்று நம்பி இதை எழுதுகிறேன். அங்கேயும் கடிதம் அனுப்பித் தொந்தரவு செய்வது நான்தான் என்பதில் உங்களுக்கு ஆச்சரியம் இருக்காது.

உங்களுடைய வருட நினைவு அடுத்த மாதம். மண்டபம் பிடித்தாகிவிட்டது. படத்திறப்பு, ஐந்து பேருடைய உரை, பிறகு சாப்பாடு. இதெல்லாம் வேண்டாம் என்று நீங்கள் சொல்லியிருந்ததை அக்காவிடம் ஞாபகப்படுத்தினேன். "அவரு வேணாம்னுதான் சொல்லுவாரு. நாம செய்யணும்ல? ஊரு என்னா சொல்லும்?" என்றார். ஊர் என்ன சொல்லும் என்று பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். இதுவரை அது கேட்கத் தகுந்ததாக எதையும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

கண்டி டவுனில் நம்மவர் வீட்டு விசேஷம் எதுவும் உங்கள் முகம் இல்லாமல் நடந்ததில்லை. பெண் பார்க்கவும் நீங்கள், பிரேதப் பெட்டி எடுக்கவும் நீங்கள். புடவைக்கடை முதலாளி, கோயில் சபைத் தலைவர், எல்லா மேடையிலும் நடுக் கதிரை. அண்ணி காலமான பிறகு ஒரு நாள் கடைச் சாவியை மகன் கையில் கொடுத்துவிட்டு, குண்டசாலையில் ஒரு ஹாஜியார் வீட்டு மேல்மாடியில் ஓர் அறை எடுத்தீர்கள். ஒரு பாய், ஒரு கேத்தல், ஒரு கதிரை. அந்தக் கதிரையைப் பிலிமத்தலாவையில் வாங்கி, கடை வேன் சும்மா நிற்க, இரண்டு பஸ் மாறி நீங்களே தூக்கிக்கொண்டு போனீர்கள்.

மகனோடு சண்டை என்றார்கள். மருமகள் சோறு போடவில்லை என்றார்கள். ஒருவர் மிகுந்த அனுதாபத்தோடு, குண்டசாலையில் ஒரு பெண் இருப்பதாகவும் சொன்னார். ஒரு மனிதர் சும்மா இருக்க ஆசைப்பட்டுப் போயிருக்கலாம் என்பதை மட்டும் யாரும் நம்பத் தயாராக இல்லை. நானும்தான். அதனால் உங்களைத் திரும்ப அழைத்து வரும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். மாநகர சபையில் முப்பது வருடம் மற்றவர்களுடைய விண்ணப்பங்களை நிராகரித்தவன், இந்த வேலைக்குப் பொருத்தமானவன் என்று நினைத்திருப்பார்கள்.

கீழே ஹாஜியார் என்னைக் கண்டதும் சிரித்தார். "யாரும் தேடி வந்தா இல்லைண்டு சொல்லச் சொன்னாரு ஒங்கட அண்ணன். பொய் சொல்ல ஏலாதுண்டேன். அப்ப, 'ஹாஜியார், ரோட்டப் பாத்துக்கொண்டு பேசாம இருங்க'ண்டாரு." சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்தார். நான் மேலே ஏறினேன்.

நீங்கள் எனக்குக் கதிரையைக் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் நின்றீர்கள். ஏன் இப்படி என்று கேட்டேன். "காலைல எழும்புனதும், இன்னைக்கு நான் யாருக்கு யாருன்னு யோசிக்காம ஒரு டீ குடிக்கணும்டா. அவ்வளவுதான்" என்றீர்கள். எனக்கு அது காதில் ஏறவில்லை. அண்ணன் நிற்கத் தம்பி உட்கார்ந்திருக்கிறேனே என்பதுதான் உறுத்தியது. அப்படியே இறங்கி வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பிளாஸ்டிக் கதிரை வாங்கி, திரீவீலின் பின்னால் கட்டிக் கொண்டு வந்தேன். அதை அறையில் வைத்தபோது நீங்கள் பார்த்த பார்வையை இப்போதுதான் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். அன்று நன்றி என்று நினைத்தேன்.

ஒரு கதிரை இருந்தவரை வந்தவர்கள் நின்றபடியே இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார்கள். உங்களை நிற்க வைத்து உட்கார யாருக்கும் மனம் வராது, நீங்கள் நிற்காமல் இருக்கவும் மாட்டீர்கள். இரண்டாவது கதிரை வந்ததும் அக்கா வந்து உட்கார்ந்து அழுதார். கோயில் சபைச் செயலாளர் வந்து உட்கார்ந்து மத்தியானம் வரை இருந்தார். பிறகு, "ஐயாவுக்கு வசதியா இருக்கட்டும்" என்று கோயில் மண்டபத்திலிருந்து நான்கு கதிரைகளை அனுப்பினார். அடுத்த சபைக் கூட்டம் உங்கள் அறையில் நடந்தது. தேநீருக்கு நீங்கள்தான் கேத்தலை வைத்தீர்கள்.

"இதுக்கு வீட்லயே இருக்கலாம்டா. அங்க ஃபேனாவது இருக்கு," என்று சொல்லி வேனில் ஏறினீர்கள். போன காரியம் வெற்றி என்று எல்லோரும் என் முதுகைத் தட்டினார்கள்.

மூன்று மாதம். ஒரு பரிசளிப்பு விழா மேடையில், நடுக் கதிரையில், வேறொருவர் பேசிக்கொண்டிருக்கும்போது போய்விட்டீர்கள். அவர் பேசி முடிக்கும்வரை யாருக்கும் தெரியவில்லை. கவனமாகக் கேட்பவரைப் போலவே இருந்தீர்கள். அப்படித்தானே எப்போதும் இருந்தீர்கள்? சந்தியில் கட்டிய இரங்கல் பதாகையில் உங்களைச் சமூகத்தின் தூண் என்று எழுதியிருந்தார்கள். தூண் நகராது என்ற வசதி அவர்களுக்குப் பிடித்திருக்க வேண்டும்.

அந்த அறையில் ஆறு கதிரைகளுக்கு நடுவில் நீங்கள் கேத்தலோடு நின்றபோது, எனக்கு என்ன சொல்ல நினைத்தீர்கள், அண்ணே? ஏன் சொல்லவில்லை? நானும் அவர்களில் ஒருவன் என்றா?

இப்போது செய்தி. சபைத் தலைவர் இடம் காலியாக இருக்கிறது. தூணுக்குத் தம்பி இருக்கும்போது வெளியே தேடுவானேன் என்பது அவர்கள் முடிவு. நினைவு நாள் மேடையில், உங்கள் படத்துக்குக் கீழே எனக்கு மாலை போட்டு அறிவிப்பதாக ஏற்பாடு. என்னிடம் கடைசியாகத்தான் சொன்னார்கள்.

நான் ஹாஜியாரிடம் போனேன். அவர் அறையை யாருக்கும் கொடுக்கவில்லை, அப்படியே இருந்தது. கோயில் கதிரைகள் நான்கையும் திருப்பி அனுப்பினேன். என் பிளாஸ்டிக் கதிரையைக் கீழே அவர் முற்றத்தில் போட்டேன். உங்களுடையதை ஜன்னலோரம் வைத்து உட்கார்ந்தேன். போன வாரம் குடிவந்துவிட்டேன். வீட்டில் இன்னும் யாரும் என்னோடு பேசுவதில்லை.

நேற்றுச் செயலாளர் வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். "பரவால்ல, நான் நிக்கிறேன்," என்றார். நான் எழும்புவதற்கு அவர் கொடுத்த இடைவெளி அது. நான் எழும்பவில்லை. எழுபதை நெருங்கும் மனிதர் வாசலில் நிற்க, கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு கேவலமாக நான் என்னை உணர்ந்ததில்லை. வந்தவரை நிற்க வைத்தே அனுப்பும் இதை எத்தனை நாள் தாங்கினீர்கள்?

கொஞ்ச நேரம் பேசிவிட்டு இறங்கினார். பாதிப் படியில் நின்று மேலே பார்த்தார்.

"தம்பி, தனியா ஒரு கதிரைய வச்சிக்கிட்டு என்னா கஷ்டம். அடுத்த தடவ வரும்போது ஒன்னு கொண்டு வர்றேன்."

கட்டாயம் கொண்டு வருவார், அண்ணே. நல்ல மனிதர். நானும் நல்ல மனிதனாகத்தான் கொண்டு வந்தேன்.

உங்களுக்கு ஒரு வாக்கு. அந்தக் கதிரை வாசலைத் தாண்டி உள்ளே வராது. உங்கள் நினைவு நாளில் மேடை ஏற மாட்டேன், கடைசி வரிசைக்குப் பின்னால் நிற்பேன். செயலாளர் கதிரையோடு வந்து நிற்கும்போது அவர் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல எனக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பேன்.

இப்படிக்கு,
அந்தப் பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டு வந்த உங்கள் தம்பி