சீப்புப் பல் வைத்த வட்டம்

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அப்படியே இருக்கவேண்டும். போனில் பேச ஆரம்பித்தால் நீ "சரிப்பா, சரிப்பா" என்பாய், நானும் வைத்துவிடுவேன், அதனால்தான் காகிதம்.

உன் அண்ணன் புது வீட்டுக்குக் குடிபோன பிறகு முதல் மழை பெய்தது. கீழ்த்தளத்தில் எனக்கும் அம்மாவுக்கும் என்று ஒதுக்கிய அறையில் கணுக்காலளவு தண்ணீர், புதுக் கட்டிலின் கால்கள் ஊறிப்போயின. நல்லவேளை நாங்கள் இன்னும் போகவில்லை. அந்த மனையை வாங்கும்போது நான் பழைய சர்வே வரைபடத்தை விரித்துக் காட்டியது உனக்கும் நினைவிருக்கும், நீ வீடியோ போனில் பார்த்துக்கொண்டிருந்தாய். ஓய்வுபெற்ற பிறகு எனக்கிருக்கும் ஒரே கிறுக்கு அதுதான், அறுபது வருஷத்துத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய தெருக்களில் நடப்பது. பஸ் டெப்போவின் பின்தெரு காரணமில்லாமல் வளைகிறதே, தாளில் அங்கே ஓர் ஓடை இருக்கிறது. இப்படிப் பார்த்துக்கொண்டு வரும்போதுதான் மனை இருக்கும் இடத்தில், நிலத்தின் உயரம் காட்டும் கோடு ஒன்று வட்டமாக இருப்பதைக் கண்டேன். வீடு கட்டிக்கொடுக்கும் இன்ஜினீயர் எட்டிப் பார்த்து, "ஐயா, கோடு வட்டமா இருந்தா மேடுன்னு அஞ்சாங்கிளாஸ் புள்ளைக்கே தெரியும். உங்க பையன் மலை மேல வீடு கட்டப்போறாரு, போங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். கோட்டின் உள்பக்கம் சீப்புப் பல் மாதிரிக் கீறல்கள் இருக்கின்றன, அப்படியிருந்தால் அது பள்ளம் என்று நான் சொன்னேன். சத்தமாகச் சொன்னேனா என்பதில் எனக்கே சந்தேகம். "அந்தக் காலத்துப் பேப்பரை மடிச்சு வைங்கப்பா, அண்ணன் ஆசையா வாங்குறான்" என்றாய். மடித்து வைத்தேன். என் கண்ணின் கோளாறோ என்று வீட்டில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், மறுநாள் போய்ப் பக்கத்து டிரான்ஸ்பார்மர் சுவரில் இடுப்பளவுக்குத் தண்ணீர் நின்ற கறையையும் பார்த்தேன். "சுவர்னா அழுக்கா இருக்காதா?" என்று அம்மா என் வாயை அடைத்துவிட்டாள். அவளுக்கு மகன் செய்தால் சரி.

இப்போது தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டு உன் அண்ணன் என்னைக் கேட்கிறான், "உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சுல்ல? அடிச்சுச் சொல்லியிருக்க வேண்டியதுதானே? முனகினா யாருக்குக் கேக்கும்?" என்று. எனக்கு வந்த கோபத்துக்கு எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன், அவ்வளவுதான் முடிந்தது. இன்ஜினீயர் கீழ்த்தளத்தை உயர்த்தித் தருகிறாராம், அந்தச் செலவுக்கு நாங்கள் இருக்கும் இந்த வீட்டை விற்கவேண்டுமாம். இந்த ஊரின் மிக உயரமான கோடு நம் சமையலறையை ஒட்டிப் போகிறது, அது உனக்குத் தெரியுமா? வயதான காலத்தில் மேட்டை விற்றுப் பள்ளத்தை நிரப்பச் சொல்கிறான். அம்மா தலையாட்டிவிட்டாள். பேனாவை நீட்டினால் நானும் போட்டுவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். வீடு உன் பெயரிலும் இருப்பதால் உனக்கும் சம்மதப் பத்திரம் வரும். மகனைப் பற்றி மகளிடம் கோள்மூட்டும் தகப்பனாகிவிட்டேனே என்று வெட்கமாக இருக்கிறது.

மாப்பிள்ளைக்கும் குட்டிக்கும் என் ஆசிகள். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. வரைபடத்தின் அந்தப் பகுதியை நகலெடுத்து இதோடு வைத்திருக்கிறேன், இந்த முறை சிரிக்காமல் பார். முனகினால் கேட்காதாம், அதனால் அடித்தே சொல்கிறேன், கையெழுத்துப் போடாதே.

இப்படிக்கு,
மேட்டு வீட்டிலிருந்து,
உன் அப்பா