மலையேற்றத்தில் சிக்னல் போகும் நேரம்

செவ்வாய், இரவு

செல்போன் துப்பாக்கிச் சண்டை ஆட்டப் போட்டியின் அரையிறுதியில் இன்று ஜெயித்துவிட்டோம். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

என் அணிப் பையன்கள் முனிராஜும் மஞ்சுவும் போச்சம்பள்ளியில் ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டே ஆடுகிறார்கள். நான் ஓசூரில் வீட்டிலிருந்து. சூளகிரிக்கு முன்னால் மலையேற்றத்தில் அவர்களுக்குச் சிக்னல் போய்விடும். ஆட்டத்தில் இருவரும் அசையாமல் நின்றுவிடுவார்கள். ஆகவே முன்கூட்டியே அவர்களை ஆட்டத்திலுள்ள ஒரு வீட்டின் மாடியில் ஒளியவைத்து, சிக்னல் வரும்வரை நான் படிக்கட்டில் காவல் நிற்பேன். திட்டம் என்னுடையதுதான்.

இன்று எதிரணி அந்த வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. காலடிச் சத்தம் படிக்குக் கீழே நின்றது. சுட்டிருக்க வேண்டும். விரல் நகரவில்லை. பயம், வேறொன்றுமில்லை. அவர்கள் என்ன நினைத்தார்களோ, மேலே ஏறாமல் வெளியே போனார்கள். அதற்குள் சிக்னல் வந்தது. முனிராஜ் ஜன்னலிலிருந்து எல்லோரையும் சுட்டு முடித்தான்.

"சுடாம வுட்டீங்க பாருங்க சார், அதான் மூளை! நானா இருந்தா படபடன்னு சுட்டு நம்மளக் காட்டிக் குடுத்திருப்பேன்" என்றான் முனிராஜ்.

"சூப்பர் குரு!" என்று கத்தினான் மஞ்சு. "நாளைக்கு பைனல்லயும் படி உங்களுதுதான்."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். "ஸ்டாப் வந்துடுச்சு சார்" என்று இருவரும் போய்விட்டார்கள்.

நாளையும் அதே பஸ், அதே மலையேற்றம். எவனாவது படியேறினால் நான் சுட்டே ஆக வேண்டும். அவர்கள் என்னை நம்பி எனக்குப் பின்னால் அசையாமல் நிற்பார்கள்.