இல்லை என்று வந்த பதில்

இன்று தில்லை நகர் ஆஸ்பத்திரி ஒன்றில் என் அண்ணிக்கு சலைன் ஏற்றினார்கள். எழுந்துபோய், தொங்குகிற பாட்டிலைத் திருப்பி அதிலிருந்த பேட்ச் எண்ணைப் பார்த்தேன். "என்னம்மா பண்றீங்க? உட்காருங்க" என்று நர்ஸ் அதட்டினாள். உன்னைப் பற்றி அவளிடம் எப்படிச் சொல்வேன்?

எண்பதுகளில், மருந்து மொத்த வியாபாரி ஒருவரின் கம்ப்யூட்டர் அறையில் நாம் இருவர் மட்டும்தான். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து சேருவதற்குள், பாலக்கரையிலிருந்து நடந்தே வந்து நீ மெஷினைப் போட்டிருப்பாய். அதில் விவரமெல்லாம் தலைகீழ் மரமாகக் கிடக்கும். மேலே ஊர், கீழே ஆஸ்பத்திரி, அதன் கீழே அங்கே போன பாட்டில்களின் பேட்ச், பேட்சின் கீழே புகார். ஒரே பேட்ச் இரண்டு ஊருக்குப் போயிருந்தால், இரண்டு கிளையிலும் தனித்தனியாக நிற்கும். ஒரு கிளையில் இறங்கி எதையும் கேட்கலாம். இந்தக் கிளையில் இருக்கும் எண் அந்தக் கிளையிலும் இருக்கிறதா என்று ஒப்பிட்டுக் கேட்க மட்டும் அந்த மெஷினின் மொழியில் வழியே கிடையாது.

ஒரே வாரத்தில் மணப்பாறையிலிருந்தும் லால்குடியிலிருந்தும் புகார் வந்தது. சலைன் ஏற்றியதும் குளிர் நடுக்கம். இரண்டு ஊருக்கும் பொதுவான பேட்ச் உண்டா என்று முதலாளி கேட்டார். எந்த பேட்சின் கீழாவது இரண்டு புகார் உண்டா என்று நான் மெஷினைக் கேட்டேன். கேட்க முடிந்தது அவ்வளவுதான். தாள் வெறுமையாக வந்தது. "இல்லைங்க" என்று சொல்லிவிட்டேன்.

"அவர் கேட்டது ஒண்ணு, நீ கேட்டது வேறடி. ரெண்டு ஊர் லிஸ்ட்டையும் அச்சடிச்சு, பக்கத்துல பக்கத்துல வச்சு நாமளே பார்ப்போம்" என்றாய், வலிக்கிற வயிற்றைப் பிடித்துக்கொண்டே. நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். வேறென்ன, சோம்பேறித்தனம்தான்.

மறுநாள் உனக்குக் குடல்வால் ஆபரேஷன். "ஞாயித்துக்கிழமை பூசைக்கு நடந்தே போயிடுவேன், பாரு" என்று சிரித்தாய். சாயங்காலம் பார்க்க வந்தபோது கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. "ஏன்டி இப்படிக் குளிருது?" என்று கேட்டாய். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன். பாட்டிலைப் பார்க்கத் தோன்றவில்லை.

உன் அடக்கம் முடிந்த மறுநாள் காலை, லிஸ்ட்டை அச்சடித்துத் தரையில் விரித்தேன். காபி ஆறும் நேரம்கூட ஆகவில்லை. மூன்று தாளிலும் ஒரே எண். மூன்றாவது தாள் உன் ஆஸ்பத்திரியுடையது. மிச்ச பாட்டில்களை அன்றே திரும்ப வாங்க வைத்தேன். உனக்கு அதனால் என்ன?

அண்ணியின் பாட்டிலில் வேறு எண்தான். அந்தப் பழைய எண் இனி எங்கே வரப்போகிறது? இருந்தும் கேட்டேன்: "குளிருதா அண்ணி?"

இல்லை என்றார். நான் போர்வையை விலக்கி, அவர் கையைத் தொட்டுப் பார்த்தேன்.