ரோஸ்மேரியின் கேள்விகள்

ஒக்டோபர் 14, செவ்வாய்

கோயில் மண்டபத்தில் நடக்கும் இணையப்பக்க வகுப்பில் இன்றும் ரோஸ்மேரிதான் கை உயர்த்தினாள். கொன்வென்டில் என்னோடு படித்த காலத்தில் வாய் திறக்காதவள்.

"மிஸ், எச்.டி.எம்.எல். எண்டதும் புரோகிராமிங் மொழியோ?"

அது பக்கத்தை அடுக்கிக் காட்டுவதற்கு மட்டும் என்று நான் முதல் வாரமே படித்துவிட்டேன். ஆனால் பர்ஹானா மிஸ் "நல்ல கேள்வி அன்ரி" என்றார். என்னிடம் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. நான் கேள்வி கேட்பதில்லை.

அடுத்ததாக, "என்ர கொம்பியூட்டரில வாற பக்கம் மகன்ர போனில ஏன் வருதில்லை?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மிஸ் சிரிக்கவில்லை. "அது உங்கட மெசினுக்குள்ள மட்டும்தான் இருக்கு அன்ரி. சேர்வரில ஏத்தினால்தான் மற்ற ஆக்கள் பார்க்கலாம்." பக்கத்தில் இருந்து ஏற்றியும் கொடுத்தார். வேறு யாருக்கும் ஏற்ற வேண்டுமா என்று கேட்டார். நான் யன்னலால் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் பக்கம் இணையத்தில் வந்துவிட்டது என்று கனடாவில் இருக்கும் மகளுக்குப் போன வாரமே சொல்லியிருந்தேன். காணவில்லை என்றவளை, தாய்க்காக ஐந்து நிமிடம் ஒதுக்க ஏலாதா என்று ஏசியும் இருந்தேன்.

பின்னேரம் அவள் அழைத்தாள். "ரோஸ்மேரி அன்ரி லிங்க் அனுப்பினவ, அவவின்ர பக்கம் பார்த்தனான் அம்மா. நல்ல வடிவாயிருக்கு. உங்கட எங்க?"

"இன்னும் முடியேல்லை" என்றேன்.

என்னுடையதில் ஒரு பிழைகூட இல்லை. ரோஸ்மேரியின் பக்கத்தில் மாதா படம் சரிந்து நிற்கிறது. கனடாவில் அதைத்தான் பார்க்கிறார்கள்.