நீ சீவிய நாக்கு, நான் வெட்டிய காடி

கையை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். இன்னும் பலாமர வாசம் போகவில்லை. நகத்துக்குள் மஞ்சள் மரத்தூள் அப்படியே இருக்கிறது. இருக்கட்டும். நேற்று நான் காடி வெட்டினேன்! கடைசிப் பலகை வரை வெட்டி முடித்தேன்! இதை உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது? என் கணவரிடம் சொன்னேன். "நல்லது" என்றுவிட்டுத் திரும்பவும் கிரிக்கெட் பார்க்கத் தொடங்கினார். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

நாம் தச்சு வேலைக்கு வந்ததே ஒரு வீம்பில்தானே. கொழும்பில் கொள்ளுப்பிட்டிக் கந்தோரில் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை பார்த்தோம். ஓய்வு பெற்றபின் வெள்ளவத்தையில் ஒரே தொடர்மாடியில் மேலும் கீழுமாக இருந்தோம். உன் மகளின் சலங்கை வைக்க ஒரு பெட்டி வாங்கப் போன இடத்தில் எல்லாம் ஒட்டுப்பலகையாக இருந்தது. "இதைவிட நாங்களே செய்யலாம்" என்றாய். மறுநாளே மருதானையில் பழைய சாமான் கடையில் நின்றோம். காடி போடும் சின்னச் சீவுளியை நீ தூக்கிப் பார்க்க, கடைக்காரர் சிரித்துக்கொண்டே சிங்களத்தில், "நோனாலாட்ட மொகடத மே?" என்றார். பெண்களுக்கு இது எதற்காம். "பெட்டியக் ஹதன்ன, அய்யே", பெட்டி செய்யத்தான் அண்ணே என்று நீ சொன்ன மிடுக்கில் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு விலையைக் கூட்டினார்.

பெட்டியின் அடிக்கு வேண்டிய அகலத்தில் ஒரே பலகை கிடைக்கவில்லை. ஒடுங்கிய பலகைகளைத்தான் சேர்க்க வேண்டியிருந்தது. ஒன்றின் விளிம்பில் மெல்லிய நாக்கு, மற்றதன் விளிம்பில் அந்த நாக்கு நுழைந்து உட்காரும் பள்ளம், அதுதான் காடி. வேலையை நீயே பங்கு போட்டாய். "நாக்கு எனக்கு, காடி உனக்கு. எங்களில ஆர் கதைக்கிற ஆள், ஆர் கேக்கிற ஆள் எண்டு கந்தோருக்கே தெரியும்."

அந்த முதல் பெட்டியை மாசி வெயிலில் பொருத்தினோம். நாக்கிலும் காடியிலும் மரம் ஒட்டும் கம்மை வழிய வழியப் பூசினாய். "கொஞ்சம் இடம் விடுவமடி, மழைக்கு மரம் வீங்கும்" என்றேன். "ஆடினா அது பெட்டியே?" என்று என் வாயை அடைத்தாய். ஐப்பசி மழையும் கடற்காற்றும் சேர, அடி வீங்கிப் பக்கங்களை நெட்டித் தள்ளியது நமக்குத் தெரியவில்லை. நடன மண்டபத்து வாசற்படியில் மகள் பெட்டியைத் தூக்கினாள். அடி கழன்று விழுந்தது. சலங்கை இரண்டும் படிபடியாகச் சலசலத்து இறங்கி, கீழே நின்றவர்களின் காலடிக்குப் போயின. அவள் முகம் சிவந்துவிட்டது. நீயோ படியில் குந்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாய். "அவளுக்கு முன்னமே சலங்கை ஆடிப்போட்டுது!"

இரண்டாவது பெட்டிக்கு நீயே ஒரு சட்டம் விதித்தாய். அடிக்குக் கம் கிடையாது. அடிக்கும் பக்கத்துக்கும் நடுவே ஒரு ரூபாய் நாணயக் குற்றி நுழையும் அளவு இடம் விட வேண்டும். அந்தக் குற்றியையும் என்னிடம் தந்தாய். ஆனால் உன் அவசரம் மட்டும் போகவில்லை. ஊரில் எல்லாரும் முதலில் காடியை வெட்டி, பிறகு நாக்கை அதற்கு ஏற்பச் சீவுவார்கள். நீ நாக்கெல்லாவற்றையும் முதலே சீவிவிட்டு, "இனி உன்ர பாடு" என்று பலகைகளை என் பக்கம் தள்ளினாய். அடுத்த கிழமை உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நீ திரும்பி வரவில்லை.

அதன் பிறகு அந்தப் பலகைகளை நான் தொடவே இல்லை. போன கிழமை உன் மகள் வந்தாள். வத்தளையில் நடன வகுப்புத் தொடங்குகிறாளாம். "அன்ரி, அம்மா சீவின பலகையில பெட்டி செய்து தருவீங்களா? முதல் வகுப்புக்கு அதோட போகோணும்." ஓம் என்றுவிட்டேன். சொன்ன பிறகுதான் பலகைகளை எடுத்து அளந்து பார்த்தேன். காடி ஒடுங்கினால் இன்னும் கொஞ்சம் வெட்டலாம். அகன்றுபோனால் நாக்கு அதற்குள் லொடலொடக்கும், வேறு நாக்குச் சீவ நீ இல்லை. உன் நாக்கில் ஒரு சுருள்கூடச் சீவக்கூடாது என்று எனக்கு ஒரே பிடிவாதம். அவை உன் கை விட்டபடியே இருக்க வேண்டும்.

நேற்று மொட்டைமாடியில், காலி வீதி பஸ்களின் இரைச்சலுக்கு நடுவே, மூச்சைப் பிடித்துக்கொண்டு சீவுளியைத் தள்ளினேன். முதல் இரண்டு காடியும் அடங்கிப் பொருந்தின. மூன்றாவது பாதியில் நின்றுவிட்டது. பார்த்தால், உன் நாக்கு நடுவில் சற்றுப் பருத்திருக்கிறது! அந்த இடம் சீவும்போது யாரோடு கதைத்துக்கொண்டிருந்தாயோ. அந்த இடத்தில் மட்டும் காடியை உளியால் மெல்ல மெல்ல அகட்டினேன். மறுபடி வைத்துத் தட்டினேன். 'டொக்' என்று உட்கார்ந்தது. கோடுகூடத் தெரியவில்லை! என்னை மறந்து கத்திவிட்டேன்: "எடியே, இஞ்ச பாரடி!"

"ஓம், பாக்கிறன்."

அச்சு அசல் உன் குரல். கையிலிருந்த உளி கீழே விழுந்தது. உன் மகள்தான், மாடிப்படியில் நின்றாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன், உடனே சிரிக்கவும் செய்தேன். என்ன செய்வது, இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது.

பக்கங்களை அவள் பிடிக்க, அவற்றின் உட்கட்டைகள்மேல் அடியை ஒட்டாமல் இருத்தி, குற்றியை வைத்து இடம் பார்த்து, மூலைகளுக்கு மட்டும் திருகாணி போட்டு முடித்தோம். பெட்டியைத் தூக்கி ஆட்டிப் பார்த்தாள். "அன்ரி, அடி ஆடுது. கம் பூசேல்லையோ?"

"உன்ர அம்மான்ர சட்டம். ஆடட்டும்" என்றேன்.

சலங்கையை உள்ளே வைத்து, பெட்டியை இடுப்பில் ஏந்திக்கொண்டு புறப்பட்டாள். மாடி மாடியாகச் சத்தம் இறங்கிப் போனதைக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த முறை சலங்கை பெட்டிக்குள் இருந்தே படியிறங்கியது.

உன் குற்றியைப் பஸ்ஸுக்குக் கொடுத்துவிடாமல் பேர்ஸில் தனியாக வைத்திருக்கிறேன். ஐப்பசி மழைக்குப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அடி வீங்கி அந்த இடைவெளியில் குற்றி நுழையாமல் நின்று, பக்கங்களும் அசையாமல் இருந்தால், எடியே, நாங்கள் வென்றுவிட்டோம்.